மூன்று கிண்ணம் தண்ணீர்

12-7-99, திங்கள்

காற்று. காலை பஸ்ஸுக்கு நிற்கும்போதே கண்ணுக்குள் மண். ஆடி பிறக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, காற்று காத்திருக்கவில்லை. பூரணிக்கு இரட்டைச் சடை போட்டுக் கூட்டிப் போனேன், பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது காக்கைக்கூடு.

இந்த வாரம் ரெண்டாம் வகுப்புக்குச் செய்முறை:
தி – காந்தம்
செ – ஓலைக் காற்றாடி
பு – மூன்று கிண்ணம்
வி – விதை ஊறப்போடுதல்
வெ – மழை அளக்கிற பாட்டில். மழை வராது. வேறு யோசிக்க வேண்டும்.

போன மாதம் கோவில்பட்டியில் மூன்று நாள் பயிற்சி. சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியலை வாயால் சொல்லாதீர்கள், கையில் கொடுங்கள் என்றார்கள். பெரிய சாரிடம் வந்து சொன்னேன். "கையில குடுத்தா வாயில போடுவான் டீச்சர்," என்றார். தலைமை ஆசிரியராக இருபது வருஷம் இருந்தால் இப்படித்தான் பேச்சு வரும் போலிருக்கிறது.

காந்தம்: ரேடியோ ரிப்பேர் கடையில் கெஞ்சி வாங்கிய பழைய ஸ்பீக்கர் காந்தம் நான்கு. முப்பத்தொரு பிள்ளைகளையும் வெளியே விட்டேன். கொண்டுவந்தது: ஆணி, சோடா மூடி, பாதி பிளேடு (பிடுங்கி வைத்தேன்), கொண்டை ஊசி, லாடம். வெங்கடேசு பெரிய சாரின் பெல்ட்டில் வைத்துப் பார்த்துவிட்டான். ஒட்டியது. சாருக்குச் சிரிப்பா கோபமா என்று கடைசி வரை தெரியவில்லை.

பழைய ஒரு ரூபாய் ஒட்டவில்லை, புது ஒரு ரூபாய் ஒட்டியது! எனக்கே தெரியாது. பயிற்சியில் சொன்ன வாக்கியத்தைப் போர்டில் எழுதிப் போட்டேன்: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே.

வாசிப்புக்கு வழக்கம்போல காம்பவுண்டுச் சுவர். சுகாதாரத் துறைக்காரர்கள் நீல மையில் எழுதிவிட்டுப் போனது: 'உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம்'. ண, ற, ழ மூன்றும் ஒரே வரியில் வேறு எங்கே கிடைக்கும். எழுத்துக்கூட்டிக் கத்துகிறார்கள், ரோட்டில் போகிற லாரிக்காரன் திரும்பிப் பார்க்கிறான்.

வாங்க வேண்டியது: பாமாயில், தேங்காய் எண்ணெய், பூரணிக்கு ரிப்பன் (கறுப்பு).

13-7-99, செவ்வாய்

ஓலைக் காற்றாடி. காற்றைப் பார்த்துப் போட்ட திட்டம், பலித்தது. பனை ஓலை கீறி, நடுவில் சீமைக்கருவேல முள் குத்தி, சோளத்தட்டையில் சொருகி. முப்பத்தொன்றும் சுற்றியது. காற்றடிக்கிற பக்கம் முகத்தைக் காட்டினால்தான் சுற்றும் என்பதை நான் சொல்லவே இல்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள். பன்னிரண்டு வருஷமாக வாத்தியார் வேலை, இன்றைக்குத்தான் பாடம் நடத்தின மாதிரி இருக்கிறது.

எப்போதோ முள் ஏறியிருக்கிறது. இடது கை சுண்டுவிரலில். பூரணிதான், "டீச்சர், ஒங்க சேலையில ரத்தம்," என்றாள். கவனிக்கவே இல்லை. சேலை போச்சு, அந்த ரோஸ் சேலை.

எங்களுக்குள் ஒரு சட்டம்: பஸ்ஸை விட்டு இறங்கினால் நான் டீச்சர், நீங்க நாங்க. பஸ் ஏறினால் அம்மா, வா போ. அவளும் என் வகுப்பில்தான் படிக்கிறாள், சலுகை என்று ஒருத்தர் வாய் திறக்கக் கூடாது. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு நாள்கூட அவள் தவறியதில்லை. எனக்குத்தான் ரெண்டு மூன்று தடவை 'ஏட்டி' வந்துவிட்டது.

அவருக்கு இந்த வாரம் மில்லில் பகல் ஷிப்டு. சாயங்காலம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். கத்தரிக்காய் கூட்டு, அப்பளம்.

14-7-99, புதன்

எழுத்து கோணலாக வருகிறது. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது புரிகிறதா பார்ப்போம்.

மூன்று கிண்ணம். ஒன்றில் பானைத் தண்ணீர், ஒன்றில் சுடுதண்ணீர், நடுவில் வெதுவெதுப்பு. ஒரு கையைச் சூட்டிலும் ஒரு கையைக் குளிரிலும் பத்து எண்ணும் வரை வைத்திருந்து, ரெண்டையும் நடுக் கிண்ணத்தில் விட வேண்டும். ஒரு கைக்குக் குளிரும், மற்றதற்குச் சுடும். தண்ணீர் ஒன்றேதான். பயிற்சியில் இதைச் செய்தபோது நாங்களே பிள்ளைகள் மாதிரிக் கூச்சல் போட்டோம்.

சுடுதண்ணீர் சத்துணவு சமைக்கிற பேச்சியம்மா அண்டாவிலிருந்து மோந்து தந்தது. நான்தான் விளாவினேன். வலது கையில் செம்பு. இடது கையில் கரித்துணியைச் சுருட்டிப் பிடித்திருந்தேன், அதனால் அந்தக் கையின் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் முக்கிப் பார்த்தேன். சூடே இல்லை. இது போதாது என்று இன்னொரு செம்பு சுடுதண்ணீர் விட்டேன். மறுபடி முக்கினேன். சரி என்று பட்டது. இதை நான் நிச்சயமாகச் செய்தேன், ரெண்டு தடவை செய்தேன்.

"நாந்தான் டீச்சர் மொதல்ல, நாந்தான்!" என்று வெங்கடேசு. கையை மணிக்கட்டு வரை விட்டான்.

"அம்மா! காலிந்தி! காலிந்தி!"

வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, வலி வந்ததும் அதுதான் வந்தது, சுட்டிருச்சு என்று. மற்றப் பிள்ளைகள் அவன் வேடிக்கை காட்டுகிறான் என்று சிரித்தார்கள். ஒரு நொடி நானும் அப்படித்தான் நினைத்தேன். கை முழுக்கச் செக்கச்செவேல் என்று. பானைத் தண்ணீர்க் கிண்ணத்தில் அமுக்கினேன். பெரிய சார் ஓடி வந்தார்.

"கைய விட்டுப் பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன் சார்."

அவர் சுடுதண்ணீரில் ஒரு விரலை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்து உதறினார். "யம்மா! இதையா பாத்தீங்க? நல்லாச் சொல்லுங்க, இதையா?"

இதைத்தான் சார்.

வெங்கடேசுவை அவர் சைக்கிளில் வைத்து நர்ஸம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் மருந்து போட்டுக் கொண்டுவந்தார். மணிக்கட்டில் கொப்புளம், விரல்கள் தப்பின. ஏழு வயசுப் பிள்ளை. என்னைப் பார்த்து, "டீச்சர், நடுக் கிண்ணத்துல விடவே இல்லியே," என்கிறான்.

பஸ்ஸில் பூரணி என் கையைப் பிடித்துத் திருப்பினாள். "அம்மா, ஒன் வெரல்லயும் கொப்புளம் இருக்கு."

பார்த்தேன். சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும். நுனியில் நீர் கோத்து, முத்து முத்தாக.

வலிக்கவில்லை. இதை எழுதும்போதும் வலிக்கவில்லை.

15-7-99, வியாழன்

காலையிலேயே வெங்கடேசின் அம்மா ரெங்கம்மா. வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. இரவெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன்.

"எம் பிள்ள கைய வேக வச்சிட்டீங்களே டீச்சர். படிக்கத்தான அனுப்புதேன்?"

"தப்புதாம்மா. வெரல விட்டுப் பாத்துட்டுத்தான் வச்சேன். எனக்குச் சுடல. சத்தியமாச் சுடல."

கையை நீட்டிக் காட்டினேன். ரெங்கம்மா என் விரலைப் பிடித்துப் பார்த்தது. கொப்புளத்தைப் பார்த்ததும் முகம் இளகிவிட்டது.

"நீங்களும் தீப்பெட்டி ஒட்டுன கைதானா?"

"பதினேழு வயசு வரைக்கும். அடிப்பெட்டி, மேல்பெட்டி ரெண்டும்."

"அப்படிச் சொல்லுங்க. நம்ம கைக்குச் சுரணை ஏது? மயில்துத்தம் போட்ட பசையிலயே கெடந்து ஊறுன கை. நான் கொழம்புச் சட்டிய வெறுங்கையால எறக்குதேன் டீச்சர், எங்க வீட்டுல அவிய வாயப் பொளந்து பாப்பாவ." பிறகு, "இனிமே ஒங்க கைய நம்பாதீங்க. வேற யாரு கையையாவது விட்டுப் பாருங்க," என்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்ததும் போய்விட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிம்மதியில். உண்மைதானே! எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாரும் சொல்வதுதான். தீப்பெட்டி ஒட்டின கை மரத்த கை. என் அம்மா கொதிக்கிற எண்ணெயில் விழுந்த வடையை விரலால் எடுக்கும். பெரிய சாரிடமும் அதையே சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார். யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை.

விதை ஊறப்போட்டோம். பாசிப்பயறு, உளுந்து, கம்பு. வெங்கடேசு கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தூளி மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு ராஜா மாதிரி வேலை ஏவினான்.

16-7-99, வெள்ளி

இல்லை. அது இல்லை.

மத்தியானம் பயறு முளை விட்டதா என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டை ஜன்னல் பக்கம் வைத்தோம், ஒரு தட்டை அலமாரிக்குள். முளைக்காமல் போனால் வெளிச்சத்தாலா தண்ணீராலா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பூரணி சொன்னாள்: "ரெண்டுக்கும் ஒரே அளவு தண்ணி ஊத்தணும் டீச்சர். ஒண்ணே ஒண்ணுதான் மாத்தணும்." நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

உடனே எனக்குள் என்னவோ தட்டியது. பெட்டி ஒட்டியது ரெண்டு கையும். சொல்லப்போனால் வலது கைதான் அதிகம், பசையைத் தொட்டுத் தடவினது அதுதானே. மரத்துப் போயிருக்கிறது இடது கை. அதிலும் ரெண்டே ரெண்டு விரல். ரெண்டு கைக்கும் ஒரே பசை என்றால் ஒரு கை மட்டும் ஏன்?

வீட்டுக்கு வந்தேன். அவர் இன்னும் மில்லிலிருந்து வரவில்லை. பூரணி தெருவில் பாண்டி ஆட்டம். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசியை எடுத்தேன். பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரிக் கட்டம் போட்டேன்.

வலது: பெருவிரல் – தெரியுது. ஆள்காட்டி – தெரியுது. நடு – தெரியுது. மோதிரம் – தெரியுது. சுண்டு – தெரியுது.
இடது: பெருவிரல் – தெரியுது. ஆள்காட்டி – தெரியுது. நடு – தெரியுது. மோதிரம் – பாதி. சுண்டு – இல்லை.
இடது உள்ளங்கை ஓரம் – இல்லை.

அப்புறம் மேலே போனேன். முழங்கைக்குக் கீழே ஒரு தேமல் இருக்கிறது. ரெண்டு வருஷமாக. வெளிறின மாதிரி, நீளவாக்கில், மேலே குறுகி. அவர் அதை இலங்கை என்பார். பூவரசங்காயை உரசிப் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. யாருக்குத்தான் தேமல் இல்லை, இந்த வெயிலில்.

இலங்கையில் ஊசியை வைத்தேன். அழுத்தினேன். ரத்தம் வந்தது.

இல்லை. இல்லை. இல்லை.

முப்பத்தொரு பிள்ளைகளும் எழுத்துக்கூட்டிக் கத்துவது காதில் கேட்கிறது. உ-ண-ர்-ச்-சி-ய-ற்-ற. நான்தான் குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டுவேன். இடது கையில்தான் குச்சி பிடிப்பது. எத்தனை மாதம்!

17-7-99, சனி

ஆடி ஒன்று. தேங்காய் சுடுகிற வாசனை தெரு முழுக்க. பூரணிக்கும் சுட்டுக் கொடுத்தேன். கம்பைப் பிடித்தது வலது கை.

ஒன்றும் ஓடவில்லை. சாம்பாரில் ரெண்டு தடவை உப்புப் போட்டேன்.

பூரணி கன்னத்தில் ஒரு வெளிறல் இருக்கிறது. இடது கன்னம், காதுக்குப் பக்கம். பூச்சிக்கடி, வயிற்றில் பூச்சி என்று போன மாதம் மருந்து கொடுத்தோம். இன்றைக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பிறந்த நாளிலிருந்து இந்தக் கையால்தான் அவளுக்கு எண்ணெய் தேய்க்கிறேன், சோறு ஊட்டுகிறேன், இந்தக் கை மேல்தான் தலை வைத்துத் தூங்குகிறாள்.

ஒற்றைக் கையால் சடை போட முடியாது. போட்டேன், தள்ளி நின்று.

"ஏம்மா இப்படி எட்ட நின்னு இழுக்க? வலிக்கி."

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதை எழுதக் கூசுகிறது, எழுதுகிறேன். போன வருஷம் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பாரம் வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் கை, கால், முதுகு, முகம் பார்த்துத் தேமல் இருக்கிறதா என்று வகுப்பு ஆசிரியர் எழுத வேண்டும். அன்றைக்கு ஆண்டுவிழாவுக்குப் பாட்டுப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் சட்டையைக்கூட விலக்கிப் பார்க்காமல், 'அனைவரும் நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான்தான். போர்டில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுகிறவள்: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே.

19-7-99, திங்கள்

லீவு. பல்வலி என்று பக்கத்து வீட்டில் சொல்லிப் பூரணியை அங்கே விட்டேன். அரசு ஆஸ்பத்திரி. அந்த நோய்க்கான அறை கடைசியில் இருக்கிறது, வேப்பமரத்துக்குப் பின்னால். அறைக்கு முன்னால் பெஞ்சு. முந்தானையை மூஞ்சி வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். யாரோ பெற்றோர் பார்த்துவிட்டால்? எழுந்து போய்விடலாம் என்று மூன்று தடவை எழுந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தும் போய்விட்டேன். திரும்பி வந்தேன். வெங்கடேசின் மணிக்கட்டு ஞாபகம் வந்ததால் திரும்பினேன்.

உள்ளே ஒருத்தர், நரைத்த மீசை, சட்டைப் பையில் நாலு பேனா. ரொம்ப காலமாக இந்த வேலை பார்க்கிறாராம். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால், "டீச்சரா? பையில சாக்பீஸ் இருக்கே," என்றார்.

பேனா முனையால் இலேசாகத் தொட்டுத் தொட்டுக் காட்டச் சொன்னார். பத்துத் தடவை தொட்டாராம். நான் ஆறுதான் காட்டியிருக்கிறேன். முழங்கைக்கு உள்பக்கம் நரம்பை அமுக்கினார், சுளீர் என்று விரல் வரை ஓடியது. "தடிச்சிருக்கு," என்றார். பெரிய டாக்டரும் வந்து பார்த்தார், அதையே சொன்னார். அந்தச் சொல்லையும் சொன்னார்.

எனக்கு அடுத்து அவர் பேசியது கொஞ்ச நேரம் கேட்கவில்லை. வாய் அசைந்தது தெரிந்தது.

கேட்டது:
ஆறு மாதம் மாத்திரை. முதல் வேளை அவர் முன்னாலேயே விழுங்க வேண்டும். விழுங்கினேன்.
சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது.
என்னுடையது எளிதில் ஒட்டாத வகை. மாத்திரை போட ஆரம்பித்தபின் கவலையே வேண்டாம்.
வேலைக்குப் போகலாம், சமைக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம்.
விரலுக்கு உணர்ச்சி திரும்புமா? "திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அந்த ரெண்டு வெரலயும் இனிமே கண்ணால பாத்துக்கோங்க. அடுப்புப் பக்கம் வலது கைதான்."
கூட இருக்கிறவர்களைப் பார்த்துவிட வேண்டும். வீட்டில், வகுப்பில்.

"அடுத்த திங்கக்கெழம ஒங்க ஸ்கூலுக்கு வாரேன் டீச்சரம்மா. வருஷா வருஷம் வார பரிசோதனதான், வேற காரணம் நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுததும் சொல்லாததும் ஒங்க இஷ்டம்." மீசைக்காரர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "போன வருஷம் ஒங்க கிளாஸ்ல எல்லாரும் நலம்னு வந்திருக்கு. பாத்துத்தான போட்டீங்க?"

தரையைப் பார்த்தேன். அவர் பதிவேட்டை மூடினார். பஞ்சைத் திரித்து எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தார். சின்னப் பிள்ளைகளுக்குக் கோழி இறகு போதும், சிரித்துக்கொண்டே காட்டும் என்றார்.

வீட்டில் கக்கூஸில் அந்தச் சிவப்பைப் பார்த்து, தெரிந்திருந்தும், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

20-7-99, செவ்வாய்

அவரிடம் சொன்னேன். மில்லிலிருந்து வந்து கை கால் கழுவித் துண்டை எடுத்த நேரம். பூரணி டியூஷன் பிள்ளைகளோடு முன் அறையில்.

துண்டு கையிலேயே நின்றது. முதலில் கேட்டது: "யாருக்காவது தெரியுமா?"

வலிக்குதா என்று கேட்கவில்லை. எப்படி இருக்கு என்று கேட்கவில்லை. யாருக்காவது தெரியுமா! பதினோரு வருஷக் குடித்தனம். நான் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். பருத்திக் காட்டுப் பக்கமிருந்து காற்று. துணியெல்லாம் கம்பியில் சுருண்டு கிடந்தது. எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன்.

அரை மணி கழித்து மேலே வந்தார். சட்டை இல்லாமல்.

"என்னையும் பாரு. அந்தாளு என்னமோ பஞ்சு சொன்னாராமே."

தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பஞ்சைத் திரித்து முதுகில் தொட்டேன். கூச்சம் தாங்காமல் துள்ளினார். "ஏட்டி, அங்கன வேண்டாம்!" அக்குளில், இடுப்பில், காதில், எல்லா இடத்திலும் சரியாகக் காட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்புறம் கேட்டார். "ஒனக்கு வலிக்குதா?" வலிக்காததுதான் சீக்கே என்றேன்.

பூரணியையும் பார்த்துவிடு என்றார். பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கோலி எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடச் சொல்லி, கன்னத்தில் தொட்டு, அவள் காட்டாமல் உட்கார்ந்திருந்தால்? பஞ்சை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன்.

அவரிடம் சொன்னேன்: "அவள மட்டும் தனியா உக்கார வச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. முப்பத்தொரு பேர்ல ஒருத்தியா வந்தா பாத்திருவேன்."

22-7-99, வியாழன்

ஜன்னல் தட்டில் பயறு பச்சையாக. அலமாரித் தட்டிலும் முளை வந்திருக்கிறது, ஆனால் வெளுத்து, நீண்டு. வெளிச்சம் இல்லாவிட்டாலும் முளைக்கும் என்று பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம்.

மூன்று நாளாக வகுப்பில் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒட்டாது என்று ஆஸ்பத்திரிக்காரர் சொன்னார். தெரியும். ஆனாலும் சிலேட்டை வாங்கும்போது கை தானாக இழுத்துக்கொள்கிறது. பெரிய சார், "என்ன டீச்சர், மிலிட்டரிக்காரன் மாதிரி நிக்கீங்க," என்றார்.

பேச்சியம்மாவிடம் கோழி இறகு கேட்டேன். "காதுக்கா?" என்று வெள்ளை இறகு ரெண்டு தந்தது. வெந்நீரில் அலசி வைத்தேன், கரண்டியால்.

23-7-99, வெள்ளி

எழுதிவிடுகிறேன். பஸ்ஸில் வரும்போதே எழுதியிருக்க வேண்டும், கை ஓடவில்லை.

போர்டில் தலைப்பு: இறகு எங்கே? முப்பத்தொரு பேர், பேருக்கு எதிரே கட்டம். ஒவ்வொருவராக வந்து பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். இறகால் தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். நம் உடம்பு முழுக்கத் தோல், தோலுக்குக் கண் இல்லாமலே தெரியும், அதைப் பார்க்கப் போகிறோம் என்றேன். முன்கை, புறங்கை, முதுகு, கால், கன்னம். சட்டையை விலக்கி, தேமல் இருந்தால் அதன் மேலேயே. போன வருஷம் நான் செய்யாத வேலையை இந்த வருஷம் ஒவ்வொரு பிள்ளையாகச் செய்தேன்.

சிரிப்பு. ஒருத்தன் மூக்கில் தொட்டதும் தும்மினான். ஏழு பேருக்குத் தேமல் இருந்தது. ஏழு பேரும் தொட்ட உடனே காட்டினார்கள். ஒவ்வொரு தேமலுக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பத்தொன்பதாவது பூரணி.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கை, கால், முதுகு எல்லாம் தொட்டேன், எல்லாம் காட்டினாள். கன்னத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இறகை அந்த வெளிறல் மேல், தொட்டும் தொடாமலும் வைத்தேன். என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

"ஹிஹி. இங்கன," என்று காதுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். பிறகு, "கூசுது டீச்சர்," என்று சொறிந்துகொண்டாள்.

மறுபடி தொட்டேன். மறுபடி காட்டினாள். மூன்றாவது தடவையும் தொட்டேன். "டீச்சர், அவளுக்கு மட்டும் மூணு தடவையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். போர்டுப் பக்கம் திரும்பி டிக் போட்டேன். அப்படியே கொஞ்ச நேரம் திரும்பி நின்றேன், சாக்பீஸ் தூசி கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொண்டு.

முப்பத்தொன்றாவது வெங்கடேசு. கட்டுப் போட்ட இடத்தை விட்டு மற்ற எல்லா இடமும் சரி. முப்பத்தொரு டிக். முடிந்தது, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்காரர் வந்தால் வரட்டும், வழக்கமான பரிசோதனை, யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன்.

"டீச்சருக்கு யாரு பாக்கது?" என்றான் வெங்கடேசு.

போர்டில் அவனே எழுதிவிட்டான். முப்பத்திரண்டு, டீச்சர். எல்லாரும் நான் நான் என்று இறகுக்குப் பாய்ந்தார்கள். இழுபறியில் இறகு பூரணி கைக்குப் போனது. மணி அடிக்கப் போகிறது என்றேன். இன்னும் அடிக்கலை டீச்சர் என்றார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். வலது கையை நீட்டினேன். கண்ணை மூடினேன். தொட்டாள், காட்டினேன். கைதட்டல்.

"இப்ப அந்தக் கையி டீச்சர்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ரவிக்கைக் கை முழங்கை வரை இருக்கிறது, கொஞ்சம் இழுத்துவிட்டால் தேமல் மறையும். கண்ணை ஓரமாகத் திறந்தும் பார்த்திருக்கலாம், ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும். இடது கையை நீட்டினேன். கண்ணை மூடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. அடுப்படியில் பேச்சியம்மா அண்டாவைக் கழுவுகிற சத்தம். காத்திருந்தேன். இன்னும் காத்திருந்தேன். இவள் எங்கே தொடுவது என்று யோசிக்கிறாள் போல.

"ம், தொடு," என்றேன்.

கையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

"ஆரம்பி பூரணி."

"அம்மா," என்றாள். "தொட்டுட்டேன்மா. நாலு தடவ தொட்டுட்டேன்."

கண்ணைத் திறந்தேன். இறகு இலங்கை மேலேயே இருந்தது. அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. அம்மா என்று சொன்னது அவளுக்கே தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய அதிசயம். "ஏலே, டீச்சர அம்மாங்கா!"

வெங்கடேசு சாக்பீஸைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான். அவள் போர்டுக்கு முன்னால் நின்றாள். முப்பத்தொரு டிக், கீழே ஒரு காலிக் கட்டம். திரும்பி என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து காதோடு கேட்டாள்.

"டிக்கே போட்டுரவாம்மா? யாருக்கும் தெரியாது."

"பாத்தத எழுதுட்டி," என்றேன்.

போய்ப் பெருக்கல் குறி போட்டாள். சின்னதாக.

மணி அடித்தது. போர்டைத் துடைக்கிற முறை இன்றைக்கு வெங்கடேசுக்கு. துணியை எடுத்துக்கொண்டு வந்தான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்காரர் வரும்போது பெரிய சாரும் பார்க்கணும் என்று சொன்னேன்.